எஃகனுக்குள் ஒரு மாப்பிள்ளை

எங்கள் கதாநாயகனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், தாமதமாக வர மாட்டான். எண்பது அடி உயர இரும்பு ராட்சதனுக்குள் உட்கார்ந்து கடல் பூதத்தோடு மோதப் போகிறவன், மோதுவதற்கு முன்னால் அம்மாவுக்கு போன் போட்டு "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பான். இப்படியொரு ஆளை உருவாக்கிய பழி என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் ஜென்சி. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற 'ஐசக் அண்ட் சன்' என்ற இடத்தில் கதை, வசனம் எல்லாம் நான்தான். மொத்தம் இரண்டு அறை. முன்னறையில் கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையம், பின்னறையில் அனிமேஷன். சிரிக்காதீர்கள், கீழே பேக்கரிக்காரர் பப்ஸோடு பிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதித் தருகிறார். எங்கள் முதலாளி ஐசக் சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரன் பார்த்துக் கொடுப்பது அவருக்கு ஊழியம், அனிமேஷன் ஆசை. "பிள்ளைங்க எப்பப் பாரு ஜப்பான்காரன் ரோபோவையே பாக்குதுங்க. நம்ம ஊருக்குன்னு ஒண்ணு வேணாமா ஜென்சிம்மா?" என்று கேட்டுத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

அந்த ஒண்ணு எஃகன். அவன் என் பிள்ளை. ஓட்டம் முடிந்த மின்சார ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய உடம்பு. நெஞ்சில் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட் உரிந்திருக்கும், தோள்பட்டையில் 'பெண்கள் மட்டும்' என்று எழுதியிருக்கும், நடந்தால் தண்டவாளச் சத்தம் கேட்கும். நான் சொல்லச் சொல்ல வரைந்தவன் லோகு. கோவளத்துக் குப்பத்தில் மீன் விற்கிற வீட்டுப் பையன், பஸ் பிடித்து வருவான். இரண்டு வருடம் அவனும் நானும் அந்த எஃகனுக்காக உயிரை விட்டோம். ஆனால் தொடக்கத்திலேயே, உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவன் யார், என்ன குணம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டிய நேரத்தில் எனக்கு டெங்கு வந்துவிட்டது.

ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். அதற்குள் ஐசக் சாரே கதாநாயகனை எழுதி முடித்துவிட்டார். ஒரு மனிதனைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுத அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். முன்னறை மேஜையிலிருந்து ஒரு பயோடேட்டா ஃபாரத்தை எடுத்துப் பேனாவால் நிரப்பியிருக்கிறார். பெயர்: எபி. வயது: இருபத்தேழு. உயரம்: ஐந்தடி ஒன்பது அங்குலம். நிறம்: மாநிறத்துக்கு மேல். படிப்பு: பி.இ., முதல் வகுப்பு. வேலை: ரோபோ ஓட்டுநர், நிரந்தரம். கெட்ட பழக்கங்கள்: இல்லை. சபை: தவறாமல் செல்பவர். எதிர்பார்ப்பு: படித்த, தேவபயமுள்ள, குடும்பப் பாங்கான பெண்.

"சார், இது கேரக்டர் இல்ல சார், வரன்" என்றேன்.

"நல்ல வரன்" என்றார்.

யாருடைய வரன் என்பதும் எனக்குத் தெரியும். பெயரையும் வேலையையும் மாற்றினால் அது அவருடைய மகன் ஜாய்சனின் பயோடேட்டா. நிறுவனப் பெயரில் இருக்கிற 'சன்' அவன்தான். மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. முன்னறைக் கோப்பில் எப்போதும் முதல் தாள் அவனுடையதுதான், மற்றவர்கள் எல்லாம் அதற்குக் கீழே. போதாததற்கு எபிக்குக் குரலும் அவனே. சனிக்கிழமைகளில் வந்து, முட்டை அட்டை ஒட்டிய எங்கள் ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் நின்று, ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டுப் போவான்.

அதற்குப் பிறகு நான் என்ன எழுதினாலும் ஐசக் சாரின் சிவப்புப் பேனா வந்து நிற்கும். 'எபி தடுமாறுகிறான்' என்று எழுதினால் 'எபி நிதானிக்கிறான்' ஆகிவிடும். 'பயத்தில் கத்துகிறான்' என்பது 'அமைதியாக யோசிக்கிறான்' ஆகும். வண்டலூர் மேம்பாலத்தின் மேல் கடல் பூதம் எஃகனைத் தூக்கி அடிக்கிறது. ஒரு கை பிய்ந்து போகிறது, ஒரு கண் உடைகிறது, தோளில் 'பெண்கள்' போய் 'மட்டும்' மட்டும் மிஞ்சுகிறது. உள்ளே காட்டினால் எபியின் வகிடு கலையவில்லை. லோகு திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா இவுரு? பூதம் போட்டு மெரிச்சிகினு கீது, இவுரு கல்யாண போட்டோவுக்கு குந்திகினு கீறாரு!"

ஒரு இடத்தில் மட்டும் சிவப்புப் பேனா வரவில்லை, ஏனென்றால் அது காகிதத்தில் இல்லை. கூட்டம் சிதறி ஓடுகிற காட்சியில் லோகு தன் இஷ்டத்துக்கு ஒரு மீன்பாடி வண்டிக்காரரை வரைந்து சேர்த்திருந்தான். அவனுடைய மாமாவாம். பூதத்தைப் பார்த்ததும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறார். பாதி தூரம் போய் நிற்கிறார். ஐஸ் பெட்டி ஞாபகம் வருகிறது. திட்டிக்கொண்டே திரும்பி வந்து எஃகனின் காலுக்கடியில் புகுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஒரு வஞ்சிரம் கீழே விழுகிறது. அதற்கும் திரும்பி வருகிறார். இருபது விநாடிதான் வருவார்.

முதல் பாகம் முடிந்தது. குழந்தைகள் சேனல் ஒன்றிலிருந்து மோகன்ராஜ் என்பவர் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டால் பதின்மூன்று பாகம். எடுக்காவிட்டால் ஜூன் மாதத்தோடு பின்னறையை மூடிவிட்டு அதையும் வரன் பார்க்கிற அறையாக்கிவிடுவேன் என்று ஐசக் சார் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். எனக்கு வேலை போவது பெரிதில்லை, வசனம் எழுத எங்காவது ஆள் கேட்பார்கள். எஃகன் கம்ப்யூட்டருக்குள்ளேயே செத்துப்போவான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆபீஸ்ல போட்டுக் காட்டாதீங்க. பசங்க இருக்கற இடத்துல போடுங்க. பசங்க படத்த பாக்கட்டும், நான் பசங்கள பாக்கறேன்" என்று மோகன்ராஜ் சொன்னார். மே மாதம். சபையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் விடுமுறை வகுப்பு, பாட்டு, கதை, ரஸ்னா, பிஸ்கட். கடைசி நாள் சபை மண்டபத்தில் திரை கட்டினோம். நூற்றிருபது பிள்ளைகள், பின்னால் கூட்டிப்போக வந்த அம்மாக்கள்.

எஃகன் எழுந்தபோது மண்டபத்துக் கூரை பிய்த்துக்கொண்டு போகும்போலக் கத்தினார்கள். நான் அழுதேவிட்டேன். மீன்காரர் வஞ்சிரத்துக்காகத் திரும்பி வந்தபோது ஒரு பையன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். எபி வந்தான். உடனே எல்லாரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். இரண்டு பேர் பின்னலைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு சிறுமி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "ரோபோ வந்தா கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மோகன்ராஜ் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார்.

படம் முடிந்ததும் ஐசக் சார் பழைய வழக்கத்தில் முன்னால் போய் நின்று கேள்வி கேட்டார். "பிள்ளைகளே, இந்தக் கதையில உங்களுக்கு யாரை ரொம்பப் பிடிச்சது?"

"எஃகன்!"

"மீன் அங்கிள்!"

"எபி அண்ணனை?"

முன்வரிசையில் எட்டு வயது அபிகாயில் மட்டும் மரியாதையாகக் கையைத் தூக்கினாள். "எந்த அண்ணன் அங்கிள்?"

"ரோபோவை ஓட்டறாரேம்மா!"

"ஓ, அவரா!" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அவர எறக்கி விட்டுட்டா ரோபோ இன்னும் ஸ்பீடா போகுமா அங்கிள்?"

ஐசக் சாரின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அதற்குள் பின்னால் இருந்து அம்மாக்கள் வந்துவிட்டார்கள். தலைமை தாங்கி வந்தவர் தபீதாள் அக்கா, டீச்சர். "ஐயா, ஸ்தோத்திரம். அந்தப் பையன் யாருங்கய்யா? எங்க பொண்ணு ஜெனிக்குத்தான் மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்."

"அம்மா, அது படம்."

"படம்னு தெரியாதாய்யா எனக்கு? யாரையாவது பார்த்துத்தானே வரைஞ்சிருப்பீங்க?"

ஐசக் சார் வெட்கப்பட்டார். "பார்த்து வரைஞ்சதுதான்" என்றார். கையோடு ஜெனியின் போட்டோவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கால் மணி நேரத்தில் மொத்தம் எட்டுப் பேர் விசாரித்தார்கள். "எட்டு விசாரணை ஜென்சிம்மா!" என்று என் காதில் சொன்னார். இந்த மனுஷனை என்ன செய்வது?

மோகன்ராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், ரோபோ சூப்பர். சண்டை சூப்பர். ஆனா ஓட்டறவரு இருக்காரே, அவரு காலி சீட்டு மேடம். அவருக்கு எதுவும் ஆகாதுன்னு பசங்களுக்கு முதல் நிமிஷமே தெரிஞ்சிடுது. அப்புறம் எதுக்கு சண்டைய பாக்கணும்? ரெண்டு வாரம் தரேன். அவர சரிபண்ணிட்டு இதே பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க."

மறுநாள் காலையில் ஐசக் சாரிடம் உட்கார்ந்தேன். "சார், எபிக்கு ஒரே ஒரு குறை வேணும். நீங்களே சொல்லுங்க, அதையே எழுதறேன்."

பெருந்தன்மையோடு யோசித்தார். "அளவுக்கு மீறி உழைக்கிறான்னு வெச்சுக்கலாம்."

"அது குறையா சார்?"

"சரி, தன்னைப்பத்திப் பெருமையா பேசத் தெரியாதவன்."

"சார்!"

"கோபம் வரும்" என்றார், தியாகம் செய்கிற குரலில். உடனே சேர்த்துக்கொண்டார்: "வந்தா, ஜெபம் பண்ணுவான்."

எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஜெபம் எதுவும் பண்ணவில்லை. "உங்க ஹீரோவ பொண்ணு வீட்டுக்காரங்களுக்கே அனுப்பிடுங்க, எஃகன நான் லாரியில ஏத்திக்கிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து ரயில் ஏறினேன். என் வீடு ஊரப்பாக்கத்தில். இறங்கும்போது மணி பன்னிரண்டரை, வெயில் மண்டையைப் பிளந்தது.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் ஜாய்சன் உட்கார்ந்திருந்தான். இன் பண்ணின சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் திறந்த டிபன் பாக்ஸ். லெமன் சாதம். என்னைப் பார்த்ததும் மூடியைத் தேடினான்.

"லீவா?" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என்னவோ, சொல்லவில்லை. "வேலை போயிடுச்சு அக்கா. ஜனவரியிலயே."

நான் அவன் கழுத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டான். "கம்பெனி டேகை வாங்கிக்கிட்டாங்க. இது முன்னாடி கம்பெனியோடது. அப்பா கயித்தைத்தான் பார்ப்பாரு, கார்டைப் பார்க்க மாட்டாரு."

தினமும் எட்டு பத்து ரயிலில் ஏறுகிறானாம். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் அப்பாவிடம் படித்தவர்கள் நூறு பேர் இருப்பார்களாம், அதனால் இங்கே வந்து இறங்குகிறானாம். மொபைலில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவான், சாப்பிடுவான், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் "ரொம்ப வேலைப்பா" என்பான். சீசன் டிக்கெட்டைக்கூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறான்.

"சார்கிட்ட சொன்னா கொன்னுடுவாரா?"

"கொல்ல மாட்டாரு. என் ஃபாரத்த ஃபைல்லேர்ந்து எடுத்து வேற எழுதணும். அப்பா அதுல ஒரு வரி பென்சில்ல எழுதினதில்ல அக்கா, எல்லாமே பேனா."

எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இரண்டு வருடமாகத் தேடிய ஆள் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! பொய் சொல்கிறான், பயப்படுகிறான், ஆனால் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அதனால் அவனிடம் உடைத்தே கேட்டேன்.

"இத எபிக்கு எழுதட்டுமா? உன் பேரு வராது. ரோபோ, பரீட்சை அப்படி இப்படின்னு மாத்திடுவேன். வேணாம்னா விட்டுடறேன்."

சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தான். அடுத்த ரயில் வந்து போனது. "எழுதுங்க" என்றான். "எப்படியும் அப்பா வெட்டிடுவாரு."

சனிக்கிழமை ஒலிப்பதிவு. ஐசக் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒலிப்பதிவு நாளில் புது வசனத்தைப் படிக்க மாட்டார், காதால்தான் கேட்பார். முப்பது வருடம் டிக்டேஷன் போட்ட காது. பிடிக்காத வரி வந்தால் சிவப்புப் பேனாவால் கூண்டின் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டுவார், லோகு நிறுத்திவிடுவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், லோகு, நான். அந்தப் பக்கம் ஜாய்சன், கையில் என் இரண்டு பக்கம்.

காட்சி இதுதான். பூதம் எஃகனின் கையைப் பிய்த்துவிட்டது. உள்ளே எபி, வயர்லெஸ்ஸில் அப்பா.

ஜாய்சன் ஆரம்பித்தான். "அப்பா, ஒண்ணு சொல்லணும். நான் டிரைவர் பரீட்சையில ஃபெயிலு. லிஸ்ட்ல என் பேரே இல்ல. எஃகன் காலியா நின்னுச்சு, நானா ஏறிட்டேன்."

ஐசக் சாரின் பேனா உயர்ந்தது. லோகுவின் விரல் பட்டனுக்குப் போனது.

"உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. தெனமும் காலைல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வெளிய வந்துடுவேன். மூணு மாசமா..." அங்கே நிறுத்தினான். தாளைப் பார்த்தான். பிறகு தாளைத் தாழ்த்திவிட்டான். "ஜனவரி பதினெட்டாம் தேதியிலிருந்துப்பா."

"அக்கா, இது பேப்பர்ல இல்லியே" என்று லோகு கிசுகிசுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பேன். அம்மா குடுக்கற சாப்பாட்ட அங்கதான் சாப்பிடுவேன். முப்பத்தெட்டு எடத்துல அப்ளை பண்ணிட்டேன்ப்பா. யாரும் கூப்பிடல. நீங்க என்னைப்பத்தி எழுதி வெச்சிருக்கீங்களே, அந்த ஆளப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கு."

பேனா கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. தட்டவில்லை. ஐசக் சார் எழுந்து முன்னறைக்குப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுதியது ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

கோப்பின் முதல் தாளோடு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. தாளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்புறம் என்ன பண்றான்?" என்றார்.

"யாரு சார்?"

"எபி. பரீட்சையில ஃபெயிலு. கை ஒண்ணு போயிடுச்சு. எதிர்ல பூதம் நிக்குது. என்ன பண்ணப்போறான்?"

இரண்டு வருடத்தில் எபியைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஐசக் சார்கூட இதுவரை 'அவன் அப்படிப் பண்ண மாட்டானே' என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை. கூண்டுக்குள்ளிருந்து மைக்கில் குரல் வந்தது.

"தெரியலப்பா."

"சரி" என்று ஐசக் சார் நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "யோசிப்போம்."

இரண்டாவது வாரம் அதே மண்டபம், அதே பிள்ளைகள். எபியின் வகிடு கலைந்திருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு எஃகனை ஓட்டுகிற கம்பியைப் பிடித்தபோது அபிகாயில் நாற்காலிமேல் ஏறி நின்று, "அண்ணா, ஓடிடுங்க! ஓடிடுங்க!" என்று அலறினாள். அவன் இறங்கி ஓடினான். மீன்காரரோடு சேர்ந்து பாதி தூரம் ஓடி, அவரோடு சேர்ந்தே திரும்பி வந்தான். ஒருவரும் பாத்ரூம் போகவில்லை. மோகன்ராஜ் நோட்டை மூடிவிட்டுப் படம் பார்த்தார். வெளியே வந்ததும், "பதிமூணு பாகம் மேடம், திங்கட்கிழமை ஆபீசுக்கு வாங்க" என்றார். லோகு என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, சபை மண்டபம் என்று ஞாபகம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அம்மாக்கள் பக்கம் இந்தத் தடவை ஒரு விசாரணை இல்லை. தபீதாள் அக்கா மட்டும் வந்தார். மண்டபத்தில் பாதிச் சபை நின்றிருந்தது, ஓரமாக ஜாய்சன் நாற்காலி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜெனி போட்டோவைக் குடுத்துடுங்க. பையன் பரீட்சையில ஃபெயிலு, வேலையும் இல்ல, வீட்ல பொய் வேற சொல்லியிருக்கு. பார்த்து வரைஞ்சதுன்னு சொன்னீங்களே, யாரு வீட்டுப் பையன்யா அது?"

ஐசக் சார் பையிலிருந்து போட்டோவை எடுத்து மரியாதையாகக் கொடுத்தார். பிறகு பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுப் பையன்தாம்மா. வேலை தேடிக்கிட்டிருக்கான்."

ஜாய்சன் தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டான்.